ஆறாவது கை

தாமசினின் வாழ்க்கை ஒரு கோழியால் கெட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வின்டர்கோம் என்ற அந்த ஆங்கிலேயக் கிராமத்தில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. 1623ஆம் வருடம், ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. தாமசின் தன் கல்யாணத்துக்கென்று தானே நூல் நூற்று, நெய்யக் கொடுத்து வாங்கிய வெள்ளை லினன் விரிப்பை வேலிமேல் காயப்போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு மார்ஜரியின் கோழி அதன்மேல் ஏறி நின்று எச்சமிட்டது. தாமசின் கையில் கிடைத்த விறகுக் குச்சியை எறிந்தாள். கோழிக்குக் கால் ஒடிந்துவிட்டது.

மார்ஜரி கெட்டவள் இல்லை. வாய்தான் அவளுக்கு ஊருக்கு முன்னால் ஓடும். நொண்டிக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தண்ணீர் எடுக்கப் போன நான்கு பெண்கள் அந்த நேரம் பார்த்து அங்கே நின்றார்கள்.

"கோழியை விரட்டத் தெரியுது. மழை பெஞ்சா மட்டும் கண்ட ஆம்பளையையும் உள்ள விட்டுக் கதவைச் சாத்திக்கத் தெரியுது. நாட்டிச் சிறுக்கி."

நாட்டி. இன்றைக்கு அந்த ஆங்கிலச் சொல்லால் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறோம். பால் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறதா, நாட்டி. சுவரில் கிறுக்குகிறதா, நாட்டி. தாமசின் காலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து அதைச் சொன்னால், உடம்பை விற்றவள், அல்லது சும்மா கொடுத்தவள் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் தண்ணீர் எடுக்க வந்த நால்வரில் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

மார்ஜரி சொன்ன மழையும் உண்மை, கதவும் உண்மை. பிப்ரவரியில் ஒரு நாள் பகலில் அடித்த காற்று மழைக்கு, ஊசி நூல் விற்கிற ஒரு வியாபாரி தாமசின் வீட்டில் ஒதுங்கினான். சாரல் அடுப்புவரை அடித்ததால் கதவைச் சாத்தினாள். அவன் நனைந்த பூட்ஸை நெருப்பில் காயவைத்தான், ஒரு கட்டு ஊசி விற்றான், மழை விட்டதும் போய்விட்டான். பிறகு எண்ணிப் பார்த்ததில் ஓர் ஊசி குறைந்தது. அந்த மனிதன் அவளுக்குச் செய்த துரோகம் அந்த ஓர் ஊசிதான்.

ஆனால் அவள் தனியாக இருந்தாள். அப்பா முன்பே போய்விட்டார், அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் தனியாக ஒரு வீட்டில் இருப்பதே ஊருக்கு உறுத்தல். துணி துவைத்து இறுக்கும் மில்லில் வேலை செய்த கில்பர்ட்டுக்கும் அவளுக்கும் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பேசியிருந்தது. அதனால்தான் இதுவரை ஊர் பொறுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊர்ப் பெண்களுக்கு இதற்கெல்லாம் ஒரு வழி இருந்தது. எவளாவது உன்னை அப்படிச் சொன்னால், மறுநாளே ஆயர் கோர்ட்டுக்குப் போய் அவள்மேல் அவதூறு வழக்குப் போட வேண்டும். அசிங்கக் கோர்ட் என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தாலும், வாசலில் எப்போதும் பெண்கள் கூட்டம்தான். வழக்குப் போட்டால் சொன்னவள் வந்து மன்னிப்புக் கேட்பாள், கதை முடியும். போடாமல் இருந்தால், உண்மைபோல, அதனால்தான் மூடிக்கொண்டு இருக்கிறாள் என்பார்கள்.

தாமசினும் போகத்தான் கிளம்பினாள். போகும் வழியில் அவிஸ் வீட்டில் நுழைந்ததுதான் தப்பு.

அவிஸும் அவளும் ஒரே வாசலில் உட்கார்ந்து நூற்கக் கற்றவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள். அவிஸுக்குப் போன வருடம் கல்யாணமாகி இப்போது நிறைமாதம். விஷயத்தைக் கேட்டவள், தாமசினை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கோர்ட்டுக்குப் போனா அந்த யாவாரி யாரு, எத்தனை நேரம் இருந்தான்னு அத்தனையும் கேட்பாங்கடி. தேவையா உனக்கு? வாயத் தொறக்காம இரு. நாலு நாள்ல அடங்கிடும்."

தாமசின் வாயைத் திறக்காமல் இருந்தாள். நாலு நாளில் அடங்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. சர்ச் பொறுப்பாளர் ஹம்ப்ரிக்குக் கோர்ட்டிலிருந்து கேள்விப் பட்டியல் வந்தது. ஊரில் குடிகாரர் உண்டா, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவர் உண்டா, நடத்தை கெட்டவள் என்று பேசப்படுகிறவர் உண்டா என்று வரிசையாக எழுதியிருக்கும். போன வருடம் எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதி அனுப்பி, உங்கள் ஊரில் என்ன தேவதூதர்களா குடியிருக்கிறார்கள் என்று குமாஸ்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் ஹம்ப்ரி. இந்த வருடம் ஏதாவது எழுதியாக வேண்டும். குடிகாரன் என்றால் மணியடிக்கிறவன்தான், ஆனால் அவன் ஹம்ப்ரியின் மச்சான். ஆகவே தாமசின் பெயரை எழுதினார். அவருக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது. எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கில்பர்ட்டுக்கும் அவளுக்கும் சர்ச்சில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, மூன்றாவது ஓலை பாக்கி இருந்தபோது சம்மன் வந்தது. கல்யாணம் அப்படியே நின்றது.

நீதிபதி ஜலதோஷம் பிடித்த ஒரு கிழவர். நீ செய்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். யாரும் இல்லை. ஆனால் ஊர் பேசுகிறதே என்றார். அந்தக் கோர்ட்டுக்கு ஊர்ப்பேச்சே போதும். அதைத் துடைக்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. உன்னை அறிந்த, யோக்கியமான ஆறு பெண்களைக் கூட்டி வா. நீ பைபிள்மேல் கை வைத்து நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் கை வைத்து இவள் சொன்னதை நம்புகிறோம் என்று சொல்ல வேண்டும். பார்த்தோம் என்று சொல்லத் தேவையில்லை, நம்பினால் போதும். ஆறு கை விழுந்தால் நீ சுத்தம். ஒன்று குறைந்தாலும் குற்றவாளி. நான்கு வாரம் தவணை, வியாழக்கிழமை வர வேண்டும்.

தாமசின் ஒரே நாளில் ஐந்து பேரைப் பிடித்துவிட்டாள். மருத்துவச்சி, நூல் நூற்கிற இரண்டு பேர், ரொட்டிக்கடை விதவை, கில்பர்ட்டின் சொந்த அக்கா. கடைசியாக அவிஸ் வீட்டுக்குப் போனாள். அவிஸுக்கு ஆண் குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கேட்டு முடிக்குமுன்பே அவிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதக் கேக்கணுமாடி? ஆறாவது கை என்னோடதுன்னு வச்சுக்க."

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் கழித்து, முக்காடு போட்டு சர்ச்சுக்குப் போய் பாதிரியாரின் ஜெபம் வாங்கும்வரை தெருவில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த இடத்தில் புல் முளைக்காது என்பார்கள். எந்த வீட்டிலும் உள்ளே விட மாட்டார்கள், கோர்ட்டில் எப்படி விடுவார்கள்? ஆனால் அவிஸின் ஜெபம் வழக்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. நான்கு நாள் இடைவெளி இருக்கிறதே என்று தாமசின் நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவிஸ் சர்ச்சுக்கு வரவில்லை. பட்டணத்தில் சொல்லியிருந்த முக்காடு இன்னும் வரவில்லையாம். தாமசின் திங்கட்கிழமை தன் அம்மாவின் முக்காட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்துக் கஞ்சி போட்டுக் கொண்டுபோனாள். அவிஸின் புருஷன் வாசலிலேயே அதை வாங்கிக்கொண்டான். அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல், புதன்கிழமை பாதிரியாரைப் பார்த்து முடித்துவிடுகிறோம் என்றான். புதன்கிழமை பாதிரியார் ஊரில்தான் இருந்தார். யாரும் அவரைத் தேடிப் போகவில்லை.

வியாழன் காலையில் ஐந்து பெண்களும் பாலத்தடியில் குளிரில் கால் மாற்றிக்கொண்டு நின்றார்கள். அவிஸின் புருஷன் மட்டும் வந்தான். தாமசினின் முகத்தைப் பார்க்காமல், ஜெபம் ஆகவில்லை, அவளால் வர முடியாது என்றான். மடித்த மடிப்புக் கலையாத முக்காட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

வேறொருத்தியைத் தேட நேரமில்லை. கோர்ட்டில் ஐந்து கைகள் பைபிள்மேல் விழுந்தன. இன்னொன்று எங்கே என்று நீதிபதி கேட்டார். மருத்துவச்சி, நானே இரண்டு தடவை சத்தியம் செய்கிறேன் ஐயா என்றாள். நீதிபதி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சிரித்துவிட்டு, குற்றம் நிரூபணமாயிற்று என்று குமாஸ்தாவிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

தண்டனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலை திறந்து, வெறுங்காலோடு, கழுத்திலிருந்து கால்வரை ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு வெள்ளைக் குச்சியோடு, சர்ச்சில் எல்லோரும் பார்க்க ஓர் உயரமான ஸ்டூலில் நிற்க வேண்டும். துணி அவரவர் கொண்டுவர வேண்டும். தாமசினிடம் இருந்த ஒரே வெள்ளைத் துணி அந்தக் கல்யாண விரிப்பு. கோழி அசிங்கம் செய்த இடத்தை மூன்று தடவை வெளுத்திருந்தாள், மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் சபையை விட்டு விலக்கிவிடுவார்கள். விலக்கப்பட்டவளுக்குக் கம்பளி முதலாளி நூற்க ரோமம் தரமாட்டார். கடையில் ரொட்டி விற்க மாட்டார்கள். மாட்டேன் என்பதற்கும் வீட்டில் சாப்பாடு வேண்டும்.

அவள் ஏறி நின்றாள். பாதிரியார் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அவள் திரும்பச் சொன்னாள். நான் நாட்டியாக நடந்தேன். என் நாட்டித்தனத்தால் ஆண்டவரையும் உங்களையும் புண்படுத்தினேன். செய்யாததைத் தன் வாயாலேயே செய்தேன் என்று சொல்ல வைத்ததைத்தான் அவளால் கடைசிவரை தாங்க முடியவில்லை. சொல்லும்போது மூன்றாவது பெஞ்சில் அவிஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அதற்கு முந்தின ஞாயிறுதான் அவிஸின் ஜெபம் முடிந்திருந்தது. பட்டணத்து முக்காடு அவளுக்கு நன்றாக இருந்தது.

கில்பர்ட் கதவோரம் நின்றவன் பாதியில் வெளியே போய்விட்டான். மறுநாள் வந்து, நான் உன்னை நம்புகிறேன் தாமசின், ஆனால் கண்ணை மூடினால் அந்த ஸ்டூல்தான் தெரிகிறது என்றான். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவேயில்லை. அறுவடைக்குப் பிறகு அவன் அடுத்த ஊரில் கட்டிக்கொண்டான்.

ஸ்டூலில் நின்ற அன்று சாயங்காலமே அவிஸ் வந்து தாமசினின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாமசின்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள். முக்காடு நேரத்துக்கு வராததற்கும் காய்ச்சல் வந்ததற்கும் நீ என்ன செய்வாய், விடு என்றாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு ஐம்பத்து மூன்று வருடம் அவள் நூல் நூற்றாள். அதைத் தவிர அவள் வாழ்க்கையில் சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளைக்கும் ஞானத்தாயாக அவளைக் கூப்பிடவில்லை. பிரசவ வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் அழைப்பு இல்லை. சர்ச்சில் கடைசிப் பெஞ்ச். அவிஸ் மட்டும் வந்துபோனாள். வெண்ணெய் கடைந்தால் ஒரு உருண்டை, பன்றி அடித்தால் ஒரு துண்டு கொண்டுவருவாள். அவளுடைய அந்த ஆண் குழந்தை அடுத்த வருடமே அம்மையில் போனபோது, தாமசின்தான் கூடவே இருந்து குளிப்பாட்டிக் கிடத்தினாள்.

தாமசினுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. தினமும் படுக்கப்போகும் முன் ஜெபத்தில் ஆறு பெயர்களைச் சொல்வாள். அன்றைக்குக் கோர்ட்டில் ஐந்து பேர்தான் கை வைத்தார்கள், ஆனால் தன்னை நம்பியவர்கள் ஆறு பேர். ஒரு முக்காட்டுத் துணியால்தான் கணக்கு தவறியது. ஆண்டவருடைய கோர்ட்டில் முக்காடு கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாள். இந்த நினைப்பில்தான் அவள் எழுபத்தைந்து வயதுவரை வந்து சேர்ந்தாள்.

இதற்கிடையில் அந்தச் சொல் அவள் காது கேட்கவே உருமாறிக்கொண்டிருந்தது. நடுவில் உள்நாட்டுச் சண்டை வந்தது. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் மாறி மாறி வந்து களஞ்சியத்தைக் கொளுத்தினார்கள், மாட்டைப் பிடித்துப் போனார்கள், மில்காரரின் மகளுக்குச் செய்ததை ஊர் இன்றும் வாய்விட்டுப் பேசாது. என் எண்ணம் என்னவென்றால், அவர்களைச் சொல்வதற்கு நாட்டி என்ற சொல் போதவில்லை, ஊர் பெரிய சொற்களைத் தேடிக்கொண்டது. வேலையில்லாமல் போன சின்னச் சொல் நாய்க்குட்டிக்கும் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. முதல்தடவை ஒரு தாய் தன் மூன்று வயது மகளை நாட்டி என்று சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு, தாமசின் ராட்டையை நிறுத்திவிட்டு அந்தக் குழந்தையைத் திகிலோடு பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. பழகியது என்று நாம் சொல்கிறோம், ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நூல் அறுந்தது.

1676 வசந்த காலத்தில், விதவையாகியிருந்த அவிஸ் தன் சமையலறையில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். எட்டுப் பத்துப் பிள்ளைகள். ஒரு நாள் மத்தியானம் தாமசின் நூற்ற நூலைக் கொடுக்கப் போனபோது ஐந்து வயதுப் பெண் ஒருத்தி முக்காலியில் நின்றுகொண்டிருந்தாள். மேலே பாத்திரம் துடைக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. கையில் மரக்கரண்டி. தேன் ஜாடியில் விரலை விட்டாளாம்.

"சொல்லு," என்றாள் அவிஸ்.

"நான் நாட்டி. என்னை மன்னிச்சிருங்க," என்றது குழந்தை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அதுவும் சிரித்தது. அவிஸ் அதை இறக்கிவிட்டு முத்தம் கொடுத்து, தேன் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தாள். எல்லோரும் வெளியே விளையாட ஓடினார்கள்.

தாமசின் கொண்டுவந்த நூலை மேசைமேல் வைத்தாள். அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"இந்தத் தண்டனைய எங்க பிடிச்ச அவிஸ்?"

"எது? துணி போடறதா? எப்பவும் செய்றதுதானே. பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"நான் நின்னேன்."

அவிஸ் புரியாமல் பார்த்தாள். பிறகு நினைவு வந்தது. அவள் மறந்துதான் போயிருந்தாள், அதில் நடிப்பு இல்லை.

"அட ஆமா. அதையா இன்னும் மனசுல வச்சிருக்க? நாட்டின்னுதானே சொன்னாங்க. கொலைகாரின்னா சொன்னாங்க?"

தாமசின் அவளிடம் ஒருநாளும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள். கேட்க நினைத்ததுகூட இல்லை, வாயில் வந்துவிட்டது.

"அந்த முக்காடு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா நீ வந்திருப்பல்ல?"

அவிஸ் மேசைமேலிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டினாள். வயதானவர்களுக்கு ஒரு கட்டத்தில் பொய் சொல்லச் சோம்பலாகிவிடுகிறது.

"முக்காடு அதுக்கு முந்தின வாரமே வந்திருச்சுடி. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் எப்படி பைபிள்ல கை வைப்பேன்? பொய்ச் சத்தியம் பண்ணா ஆண்டவர் பிள்ளைய எடுத்துக்குவார்னு எனக்குப் பயம். அப்பவும் எடுத்துக்கிட்டார், அது வேற."

"பொய்யா?"

"பின்ன? அந்த யாவாரி உன் வீட்டுல இருந்தான்தானே. உனக்கும் சின்ன வயசு, அம்மா போயிட்டா, கேக்க ஆளில்ல. அதுக்காக நான் உன்ன விட்டுட்டேனா? ஒரு நாள் குத்திக் காட்டியிருக்கேனா? நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன்டி."

கோர்ட்டுக்குப் போகாதே என்று அவள் அன்றைக்குச் சொன்னது ஏன் என்பதும் தாமசினுக்கு இப்போதுதான் விளங்கியது.

"அவன் பூட்ஸக் காயவச்சான் அவிஸ். அவ்வளவுதான்."

"சரி சரி, அப்படியே இருக்கட்டும்," என்று அவிஸ் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு இன்னொரு துண்டு ரொட்டி அறுத்து, தேன் தடவி அவளிடம் நீட்டினாள்.

தாமசின் அதை வாங்கிக்கொண்டாள். வாங்கி ஏப்ரனில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தேன் திருடியவள் அதற்குள் வேறொரு குழந்தையின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அன்று அவள் நூற்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஜெபத்துக்கு முழங்கால் போட்டாள். அவிஸின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. சரி, ஐந்து பேர் என்று நினைத்து மருத்துவச்சியின் பெயரில் தொடங்கினாள். தொடங்கியதும் நின்றுவிட்டாள். இரண்டு தடவை சத்தியம் செய்கிறேன் என்றாளே, நம்புகிறவள் அப்படிச் சொல்வாளா? இரக்கப்பட்டவள்தானே அப்படிச் சொல்வாள்? கில்பர்ட்டின் அக்கா தம்பி கல்யாணத்துக்காகக் கை வைத்திருக்கலாம். ரொட்டிக்கடைக்காரி யார் கூப்பிட்டாலும் போகிறவள்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அந்த ஐந்து பேரும் எப்போதோ செத்து சர்ச் கல்லறையில் கிடந்தார்கள். தாமசின் எழுந்து, யார் பெயரையும் சொல்லாமல் படுத்துக்கொண்டாள்.